பட்டர்மியர் மலைச்சுற்று: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு முழுநாள் வழிகாட்டி

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில், பட்டர்மியர் ஏரிக்குத் தென்மேற்கே ஒரு நீண்ட மலைமுகடு நிற்கிறது. ரெட் பைக் 755 மீட்டர், ஹை ஸ்டைல் 807 மீட்டர், ஹை கிராக் 744 மீட்டர் என்று மூன்று முடிகள். முகடு முடியும் இடத்தில் ஒரு கணவாய். அதைத் தாண்டினால் ஹேஸ்டாக்ஸ் என்ற 597 மீட்டர் குன்று. கிராமத்திலிருந்து கிளம்பி, இந்த நான்கையும் தொட்டு, மலைச்சுனைகளைப் பார்த்துவிட்டு, ஏரிக்கரை வழியாகக் கிராமத்துக்கே திரும்பும் வட்டப்பாதை சுமார் 17 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 1,000 மீட்டருக்குச் சற்று மேல்.

தூரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் கிளம்புமுன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். இந்தச் சுற்றில் முடிவெடுக்கும் இடங்கள் இரண்டு: ஏற்றத்தின் பாதியில் வரும் பிளீபெரி டார்ன் சுனை, முகட்டின் முடிவில் வரும் ஸ்கார்த் கேப் கணவாய். இரண்டுக்கும் நடுவே ரெட் பைக் முதல் ஹை கிராக் வரை, பட்டர்மியர் பக்கம் இறங்கப் புதியவர்களுக்கு ஏற்ற வழி கிடையாது. அந்தப் பக்கம் முழுவதும் பாறைச் சுவர். மறுபக்கம் இறங்கினால் என்னர்டேல் பள்ளத்தாக்கு. அங்கே பொதுமக்களின் கார் வரும் சாலை இல்லை. உங்கள் கார் நிற்கும் இடம் ஒரு மலைக்கு அப்பால் இருக்கும். ஆகவே சுனையருகே நின்று யோசிக்காமல் முகட்டில் ஏறிவிடக் கூடாது.

எப்போது போகலாம்

ஏப்ரல் பின்பாதியும் மே மாதமும் நல்ல காலம். ஏப்ரல் நடுவில் சூரியன் இரவு எட்டேகாலை ஒட்டி மறையும், மே நடுவில் ஒன்பது மணிக்குப் பிறகு. எட்டு, ஒன்பது மணிநேர நடைக்கு இந்த வெளிச்சம் தாராளம். பெரணிச் செடிகள் இன்னும் உயரமாக வளர்ந்திருக்காது, பாதை தெளிவாகத் தெரியும். பக்கத்து கிரம்மக் வாட்டர் ஏரியை ஒட்டிய ரானர்டேலில் ஏப்ரல் இறுதியிலிருந்து ப்ளூபெல் பூக்கள் நீலக் கம்பளமாக விரியும். அவற்றுக்காகவே பலர் வருவதால் அந்த வாரங்களில் கார் நிறுத்த இடம் பிடிக்கக் காலை எட்டு மணிக்கே வந்துவிடுவது நல்லது.

மார்ச் இறுதியும் ஏப்ரல் தொடக்கமும் வேறு கதை. ஊரில் டாஃபொடில் பூத்திருக்கும். மேலே ரெட் பைக்கின் வடகிழக்குச் சரிவில் குளிர்காலப் பனி இறுகிக் கிடக்கலாம். வெயில் அதிகம் படாத சரிவு அது. சுனையிலிருந்து முடிக்குப் போகும் பாதையும் அதில்தான். இறுகிய பனியில் கால் வழுக்கினால் நிற்க வழியில்லை. ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடரி) கிராம்பான்ஸும் (பூட்ஸில் மாட்டும் இரும்பு முட்கள்) பயன்படுத்தப் பழகாதவர்கள், பாதையில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலே சுனையோடு திரும்பிவிட வேண்டும்.

வானிலையைப் பொறுத்தவரை, ஊருக்கான அறிவிப்பை நம்பி மலையேறக் கூடாது. பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸ் மலைகளுக்கெனத் தனியாக வெளியிடும் அறிவிப்பில் காற்று, மேகம் இறங்கும் உயரம், உறைநிலை உயரம் மூன்றையும் பாருங்கள். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். கிராமத்தில் 12 டிகிரி என்றால் ஹை ஸ்டைலில் 8 டிகிரி. அதோடு மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு 2 டிகிரிபோல இருக்கும். முகட்டு உயரத்தில் மணிக்கு 40 மைல் வேகக் காற்று என்று அறிவித்திருந்தால், அன்று ஏரியை மட்டும் சுற்றி வாருங்கள். ஏழு கிலோமீட்டர், சமதரை, அதுவும் அருமையான நடைதான்.

வந்து சேர்வது

கெசிக் ஊரிலிருந்து 77, 77ஏ பேருந்துகள் பட்டர்மியருக்கும் ஹானிஸ்டர் கணவாய்க்கும் சுற்றி வரும். ஆண்டு முழுவதும் ஓடாது. வசந்தத்தில் தொடங்கும் நாள் ஆண்டுக்காண்டு மாறும், எனவே அட்டவணையைப் பார்த்துவிட்டே திட்டமிடுங்கள். காலைப் பேருந்தில் வந்து மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்றால் நேரம் நெருக்கும். நேர நெருக்கடியில்தான் இறக்கத்தில் கால் இடறும். முந்தைய இரவே பட்டர்மியரில் யூத் ஹாஸ்டலிலோ கூடாரத்திலோ தங்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

எத்தனை மணிநேரம்

ஸ்காட்லாந்துக்காரரான நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணிநேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணிநேரம். இந்தச் சுற்றுக்கு அது ஐந்தேகால் மணிநேரம் என்று காட்டும். ஆனால் ஓய்வு, சாப்பாடு, படம் எடுப்பது, கரடுமுரடான இறக்கம் எதுவும் அதில் இல்லை. புதியவர்கள் ஒன்றரை மடங்குக்கு மேலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஐந்து, ஆறு மணிக்குத் திரும்பலாம்.

வழியில் பார்த்துக்கொள்ள: பிளீபெரி டார்ன் காலை 10, ரெட் பைக் 11, ஹை கிராக் 12.30, ஸ்கார்த் கேப் 1.45, ஹேஸ்டாக்ஸ் 2.45. சுனைக்கே பதினொன்றைத் தாண்டிவிட்டால் வேகம் போதவில்லை என்று அர்த்தம். வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கேயே சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். ஸ்கார்த் கேப்புக்கு மூன்றரைக்குப் பிறகு வந்தால் ஹேஸ்டாக்ஸை விட்டுவிட்டு, பட்டர்மியர் ஏரியின் தென்கிழக்கு முனையில் இருக்கும் கேட்ஸ்கார்த் பண்ணைக்கு இறங்குவது நல்லது.

பையில் என்ன

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். பருத்தி வியர்வையையும் மழையையும் உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், காற்று அடிக்கும்போது உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, மேலே ஃப்ளீஸ், அதற்கும் மேலே மழை புகாத ஜாக்கெட், மழை புகாத பேன்ட். மே மாதமாக இருந்தாலும் தொப்பியும் கையுறையும் கட்டாயம். பூட்ஸ் புதிதென்றால் இரண்டு வாரமாவது ஊருக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். இறக்கத்தில் விரல்கள் முன்னால் இடிக்காத அளவுக்கு அரை அளவு பெரிதாக வாங்குவது வழக்கம்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். ஓடைகள் நிறைய உண்டு, ஆனால் மலை முழுவதும் ஆடு மேய்கிறது; மாத்திரை போடாமலோ வடிகட்டாமலோ குடிக்கக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் கெடாது என்பது சரி. ஆனால் முகட்டுக் காற்றில் கையுறையைக் கழற்றிச் சாதம் பிசைந்தால் ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். கையுறையோடே பிடித்துத் தின்ன ஏதுவாகச் சப்பாத்தியில் உருளைக்கிழங்கையோ முட்டையையோ சுருட்டிக்கொண்டு போங்கள். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் எல்லாம் பைக்குள் புதைந்து கிடக்காமல் ஜாக்கெட் பாக்கெட்டில் இருக்கட்டும். மணிக்கு ஒருமுறை கொஞ்சம் வாயில் போட்டால் மதியம் கால் தளராது. பிளாஸ்கில் சூடாகச் சுக்குக் காபி இருந்தால் ஸ்கார்த் கேப்பில் அதன் அருமை தெரியும்.

இவற்றோடு ஹெட்டார்ச், விசில், கொப்புளத்துக்கான பிளாஸ்டர், சிறு முதலுதவிப் பை, அவசரகாலத்தில் உள்ளே புகுந்துகொள்ளும் பிளாஸ்டிக் பை, பவர்பேங்க். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல் 4 வரைபடம், 1:25,000 அளவு, காகிதத்தில் வேண்டும். கூடவே ஒரு திசைகாட்டி. பள்ளத்தாக்கில் பல இடங்களில் போன் சிக்னலே இருக்காது. செயலியில் வரைபடம் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ள வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், போனை உள்சட்டைப் பாக்கெட்டில் வையுங்கள்.

ஏற்றம்: கிராமத்திலிருந்து ரெட் பைக்

எந்தத் திசையில் சுற்றுவது என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை: ரெட் பைக்கில் ஏறித் தொடங்க வேண்டும். அதன் கடைசிச் சரிவு உருளும் சரளை. அதில் ஏறுவது மூச்சு வாங்கும், இறங்குவது ஆபத்து. அதோடு, ஏறி முடித்தபின் கிரேட் கேபிள் மலை நாள் முழுவதும் எதிரே நிற்கும்.

முன்பு பிஷ் இன் என்று பெயர்பெற்றிருந்த பட்டர்மியர் கோர்ட் விடுதியைக் கடந்து மண்பாதையில் ஏரியின் வாய்க்குப் போங்கள். ஏரியிலிருந்து வெளியேறும் ஓடையின் மேல் நடைபாலம் இருக்கிறது. அதைத் தாண்டியதும் பர்ட்னஸ் காடு. அதன் விளிம்பில் சவர் மில்க் கில் என்ற அருவியோடை இறங்குகிறது. மழைக்குப் பின் பால் வெள்ளையாக நுரைத்து விழுவதால் வந்த பெயர். அருவியை ஒட்டியே மேலே ஏறத் தோன்றும். ஏறாதீர்கள். சரியான பாதை காட்டுக்குள் இடதுபக்கமாகச் சாய்ந்து ஏறி, மரங்களைத் தாண்டியபின் வலதுபக்கம் திரும்பி, சரிவின் குறுக்காக மறுபடியும் ஓடையை எட்டும்.

காட்டுக்குள் கல் பதித்த படிகள். இந்த முக்கால் மணிநேரத்தில்தான் புதியவர்கள் நாளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். குளிருகிறதே என்று எல்லா உடுப்பையும் போட்டுக்கொண்டு வேகமாக ஏறி, உள்சட்டையை வியர்வையில் நனைத்து, மேலே காற்று அடிக்கும்போது நடுங்குகிறார்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான உடுப்பு. ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். ஈரமான படிகளில் பாதம் முழுவதையும் கல்லில் பதித்து வையுங்கள், நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

கல்படி முடிந்து சற்று நேரத்தில் பிளீபெரி டார்ன் வரும். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த சுனை, உயரம் ஏறத்தாழ 500 மீட்டர். முதல் முடிவு இங்கே. மேலே முகடு தெரிகிறதா? சரிவில் பனி உண்டா? காற்று நிற்க விடுகிறதா? கூட்டத்தில் யாருக்காவது ஏற்கெனவே முட்டி வலிக்கிறதா? ஒன்றுக்குப் பதில் மோசமென்றாலும் வந்த வழியே திரும்புங்கள்.

எல்லாம் சரியென்றால் ஃப்ளீஸை இங்கேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். சுனையின் வலதுபுறம் ஒரு சேணம்போன்ற தாழ்விடத்துக்கு ஏறி, அங்கிருந்து நேராக முடிக்கு. மண்ணும் கல்லும் சிவப்பாக மாறுவதைக் காண்பீர்கள். இந்தப் பகுதியின் கிரானோஃபையர் பாறை தரும் நிறம் அது, ரெட் பைக் என்ற பெயரும் அதனால்தான். கடைசி நூறு மீட்டர் ஏற்றத்தில் ஒருவர் நேர்கீழே மற்றவர் வரக் கூடாது. மேலே இருப்பவர் தட்டிவிட்ட கல் கீழே இருப்பவரைத்தான் தேடிப் போகும். சற்றுப் பக்கவாட்டில் விலகி ஏறுங்கள். கல் உருண்டால் உரக்கக் குரல் கொடுங்கள்.

முகடு

கடினமான பகுதி முடிந்தது. இங்கிருந்து ஹை ஸ்டைலுக்குச் சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர், அங்கிருந்து ஹை கிராகுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். இடப்பக்கம் பட்டர்மியரும் கிரம்மக் வாட்டரும். இரண்டும் ஒருகாலத்தில் ஒரே ஏரி, ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் நடுவே மேடிட்டு இரண்டாக்கியது. அந்த மேட்டில்தான் கிராமம் இருக்கிறது. கீழே நிற்கும்போது இது புரியாது, முகட்டிலிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

தெளிவான நாளில் வழி தப்பாது. மேகம் இறங்கினால் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒன்று, இடப்பக்கம் பாறை விளிம்பை நெருங்கிவிடுவது. இன்னொன்று, விளிம்புக்குப் பயந்து வலப்பக்கமாகவே ஒதுங்கி ஒதுங்கி என்னர்டேலுக்குள் இறங்கிவிடுவது. பழைய எல்லை வேலியின் இரும்புத் தூண்கள் முகடு நெடுகிலும் ஆங்காங்கே நிற்கின்றன. மேகத்தில் அவைதான் துணை: ஒரு தூணிலிருந்து அடுத்தது தெரியும்வரை ஒருவர் நிற்க, மற்றவர் போய்ப் பார்க்கலாம். பொதுவாக நீங்கள் தென்கிழக்கே போய்க்கொண்டிருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திசைகாட்டியைப் பாருங்கள், தொலைந்துபோனபின் பார்ப்பதில் பாதிப் பயன்தான்.

ஹை ஸ்டைலின் உச்சி முழுக்கப் பெரிய கற்கள். ஈரத்தில் பாசி படிந்த கல் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். அவசரம் வேண்டாம்.

ஹை கிராகிலிருந்து இறங்கும் கேம்லின் எண்ட் செங்குத்தான சரிவு. சில இடங்களில் கல்படி, சில இடங்களில் உதிரிச் சரளை. கால் தளர்ந்தபின் வரும் முதல் பெரிய இறக்கம் இது. பூட்ஸ் கயிற்றை இறங்குமுன் மேலேயே இறுக்கிக் கட்டுங்கள், முட்டியைச் சற்று மடக்கியே வையுங்கள், பின்னால் சாய்ந்து குதிகாலில் நிற்காதீர்கள். பின்னால் சாய்பவர்களுக்குத்தான் கால் முன்னோக்கி வழுக்கும். ஊன்றுகோல் இருந்தால் இங்கே நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அடியில் சீட் என்ற சிறு குன்று ஏறி இறங்க வைக்கும், அலுப்பாக இருக்கும், ஆனால் சீக்கிரம் முடியும்.

ஸ்கார்த் கேப்

445 மீட்டர் உயரத்தில், இரு பள்ளத்தாக்குகளையும் இணைக்கும் பழைய பாதை முகட்டைக் கடக்கும் இடம். இரண்டாவது முடிவு இங்கே. இடப்பக்கம் இறங்கினால் ஒரு மணிநேரத்தில் கேட்ஸ்கார்த் பண்ணை. தெளிவான, பாதுகாப்பான வழி. வலப்பக்கம் இறங்கினால் என்னர்டேல், அதில் போக வேண்டாம். நேராக ஏறினால் ஹேஸ்டாக்ஸ்.

ஹேஸ்டாக்ஸ் சிறிய குன்றுதான். ஆனாலும் இந்தச் சுற்றிலேயே அதிகம் ரசிக்கத்தக்கது அதுதான் என்பது எங்கள் எண்ணம். ஏறும்போது சில பாறைப் படிகளில் கையையும் பயன்படுத்த வேண்டிவரும். இரு கை, இரு கால் ஆகிய நான்கில் எப்போதும் மூன்று பாறையில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். கையில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஏறாமல் பையில் மாட்டிவிடுங்கள்.

உச்சியில் வடபக்கம் போகாதீர்கள். கீழே ஏரியும் பண்ணையும் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். இறங்க வழிபோலத் தோன்றும் பிளவுகள் பாறைச் சுவரில் போய் முடியும். உச்சியிலிருந்து கிழக்கும் தென்கிழக்குமாகப் போகும் பாதையே வழி. சில நிமிடத்தில் இன்னாமினேட் டார்ன், அதாவது பெயரில்லாச் சுனை. லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளை ஒவ்வொன்றாக நடந்து பதிவு செய்த ஆல்ஃபிரட் வெயின்ரைட்டின் அஸ்தி, அவர் விருப்பப்படி 1991இல் இங்கேதான் தூவப்பட்டது. கரையைச் சுற்றிச் சதுப்பு. பச்சைப் பாசி மெத்தை போலிருக்கும் இடத்தில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கலாம்.

இறக்கம்

அடுத்து பிளாக்பெக் டார்ன். அதன் வடிகால் ஓடையைக் கடந்து, கிரீன் கிராக் பாறைக்கு அடியில் போகும் பாதை டப்ஸ் என்ற பழைய சிலேட் சுரங்கப் பகுதிக்கு வரும். கல்குவியல்களும் டப்ஸ் ஹட் என்ற சிறு கல்வீடும் அடையாளம். மழை வலுத்தால் எவரும் அதற்குள் ஒதுங்கலாம். அங்கே போகுமுன் வார்ன்ஸ்கேல் ஓடையைக் கடக்க வேண்டும். பெருமழைக்குப் பின் தண்ணீர் முட்டிக்கு மேல் வேகமாகப் போனால் இறங்காதீர்கள்; தென்கரையிலேயே இறங்கும் பாதை ஒன்றும் உண்டு, சற்றுக் கரடு.

டப்ஸிலிருந்து இடப்பக்கம் பழைய சிலேட் வண்டிப்பாதை வார்ன்ஸ்கேல் பாட்டம் பள்ளத்துக்கு இறங்கி, கேட்ஸ்கார்த் பண்ணைக்குக் கொண்டுபோகும். யாருக்காவது கால் மிகவும் மோசமென்றால், டப்ஸிலிருந்து எதிர்ப்பக்கம் பழைய டிராம் பாதையில் ஹானிஸ்டர் கணவாய்க்குப் போகலாம். அங்கே சாலையும் பேருந்து நிறுத்தமும் உண்டு.

கேட்ஸ்கார்த்தைச் சுற்றி வசந்தத்தில் ஹெர்ட்விக் ஆடுகள் குட்டி போட்டிருக்கும். தாய் சாம்பல் நிறம், குட்டி கறுப்பு. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போகாதீர்கள். தனியாகக் கிடக்கும் குட்டியைத் தூக்காதீர்கள், தாய் திரும்பி வரும். நாய் வைத்திருப்பவர்கள் வேலியற்ற மலைநிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும், இது சட்டம். கதவுகளை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள்.

இங்கிருந்து கிராமத்துக்கு இரு கரைகள். தென்மேற்குக் கரையில் பாதை அகலம், கல் தடுக்காது, சாலை குறுக்கிடாது. வடகிழக்குக் கரையில் தொடக்கத்தில் கொஞ்சம் சாலையோரம் நடந்தாக வேண்டும். பின்னர் ஹாஸ்னஸ் அருகே 19ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்த சிறு சுரங்கப்பாதை வரும். மாலையில் மலைநிழல் தென்மேற்குக் கரையை மூடிவிட, வெயில் வடகிழக்குக் கரையில்தான் படும். ஆனால் அந்தப் பக்கத்தில் கரைப்பாதையின் ஒரு சிறு துண்டை ஏப்ரல் முதல் ஜூன் வரை உள்ளான் பறவைகள் குஞ்சு பொரிப்பதற்காக மூடுவது வழக்கம். பலகை இருந்தால் அது காட்டும் மாற்றுவழியில் போங்கள். களைத்தவர்களுக்குத் தென்மேற்கே மேல்.

ஆபத்து வந்தால்

காயம்பட்டவரைக் காற்றுக்கு மறைவாக, பையின் மேல் உட்கார வைத்து, இருக்கிற உடுப்பெல்லாம் போர்த்துங்கள். 999ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேளுங்கள். வரைபடக் கட்ட எண்ணைச் சொல்லத் தயாராக இருங்கள். பேசச் சிக்னல் போதாவிட்டாலும் குறுஞ்செய்தி போகக்கூடும். அதற்கு முன்கூட்டியே 999க்கு ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும், வீட்டிலேயே செய்துவிடுங்கள். போன் இல்லாவிட்டால் விசிலை ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் ஆறு முறை. மூன்று ஊதல் பதிலாக வந்தாலும் நிறுத்தாதீர்கள், ஒலியை வைத்துத்தான் தேடி வருவார்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் இல்லை.

கிளம்புமுன் ஒருவரிடம் பாதையையும், திரும்பும் நேரத்தையும், எத்தனை மணிவரை செய்தி வராவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பட்டர்மியரில் சிக்னல் கிடைக்காமல் கெசிக் பக்கம் போனபின்தான் அவரோடு பேச முடியும் என்பதால், அந்தக் கெடுவில் ஒரு மணிநேரம் கூட்டி வையுங்கள். அன்றிரவு குளிக்கும்போது முட்டிக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்தால் மருத்துவரிடம் உண்ணிக்கடி என்று சொல்லுங்கள், உண்ணி பரப்பும் லைம் நோய்க்குத் தொடக்கத்திலேயே மருந்து உண்டு.